அலமாரியின் முதுகு

பெட்டியில் பாகம் பாகமாக வந்த புத்தக அலமாரியைப் பூட்டி முடித்தேன். தொட்டால் ஆடியது. விரலில் ஒட்டியிருந்த திருகாணி வாடை என்னைச் சங்கராபுரத்தில் இருந்த எங்கள் மளிகைக்கடைக்குக் கொண்டுபோனது.

அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். புது இரும்பு ரேக்கைப் பூட்ட விழுப்புரத்து ஆள் வர வழியில்லை. தரையில் கிடந்த சர்க்கரை மூட்டைகளில் எறும்பு ஏறியது. அம்மாவே ரேக்கைப் பூட்டினாள். அது ஆடியது.

“ஆளு வரட்டும், வுடு” என்றார் என் அப்பா, அத்தா.

அம்மா ரேக்கின் முதுகில் இரண்டு இரும்புப் பட்டைகளைக் குறுக்கும் மறுக்குமாக முடுக்கினாள். உச்சியில் ஏறிச் சம்மணமிட்டாள்.

“இப்ப ஆட்டுங்க, பாக்கலாம்!”

அத்தா முழு பலத்தோடு உலுக்கினார். அவர் தொப்பிதான் கீழே விழுந்தது.

இப்போது நானும் புத்தக அலமாரியின் முதுகில் இரண்டு பட்டைகளை முடுக்கிவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

“இன்னா பண்ற? எறங்கு!” என்று ஓடிவந்தார் கணவர்.

“ஆட்டுங்க” என்றேன்.