முகம் தேறிய வருடங்கள்

கடலைக்காய் பறிக்கும் மாதங்களில் என் கணவருக்கு இளைப்பு வரும். செடியை உதறும்போது கிளம்பும் தூசி நெஞ்சில் இறங்கினால் போதும், வரப்பில் குத்தவைத்து முழங்காலில் கையூன்றி மூச்சை இழுப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை மூன்று நாளாகியும் அடங்கவில்லை. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியிலிருந்து பக்கத்துச் சித்தூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்ன வெள்ளை மாத்திரை எழுதித் தந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், பிறகு வந்து பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். என்னிடம்தான் சொன்னார்.

இரண்டாம் நாளே இளைப்பு நின்றது. மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்தில் திரும்பி வந்தது.

"ஏம்புள்ள, அந்த மாத்தரச் சீட்டு இருக்குதா?"

"டாக்டரு வந்து காட்டச் சொன்னாருங்களே."

"அரை நாள் வரிசைல நிக்கோணும். போனாலும் அதே மாத்தரயத்தானே குடுப்பாரு?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போகும்போது மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கேள்வி ஏதும் கேட்காமல் கொடுத்தார்கள். சில மாதங்களில் சீட்டே தேவைப்படவில்லை. என்னைக் கண்டதும் எடுத்து வைத்துவிடுவார்கள். நான்கு வருடம் அப்படி வாங்கினேன்.

அவருக்குப் பசி கூடியது. ஒட்டிய கன்னம் உருண்டு பளபளத்தது. "உங்க ஊட்டுக்காரரு நல்லாத் தேறிட்டாருங்க்கா" என்று களை எடுக்க வந்த பெண்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போனதையும், லேசாக இடித்துக்கொண்டாலே தோல் நீலமாகக் கன்றியதையும் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

பிறகு செருப்பு வார் பாதத்தில் பதிய ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை மூன்றானது. இளைப்புதான் முற்றிவிட்டது என்று நினைத்து, நானே கூடுதலாக ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு காலையில் மடை திருப்பப் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

"நெஞ்சு மேல கல்லத் தூக்கி வெச்சாப்புல இருக்குது புள்ள."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் ஜீப்பில் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே இருந்த டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். பிரஷர் பார்த்தார், இன்னொரு முறையும் பார்த்தார். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இந்தக் குளிக எத்ர காலமா திங்கறாரு?"

"நாலு வருசமாச்சுங்க."

"இடையில பிரஷர் நோக்கியோ? மூத்திரத்துல சுகர் நோக்கியோ?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"இது நல்ல மருந்துதான். பக்ஷே யாரும் பாக்காம வருஷக்கணக்கா திங்கற மருந்தல்ல. பிரஷர் ஏறும், சுகர் ஏறும், உடம்புல நீர் கட்டும். எல்லாம் சேந்து ஹார்ட்ட அடிச்சிருக்கு. கொஞ்ச நாளா வந்த மூச்சுமுட்டு இளைப்பல்ல, ஹார்ட் தளர்ந்தது." பிறகு கேட்டார்: "யாரு வாங்கித் தந்தது?"

நான் வாய் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"நாந்தானுங்க. சந்தைக்குப் போறப்ப நானே வாங்கிக்குவேனுங்க."

மூச்சுக்குத் திணறிக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னார். நான் மறுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன்.

மிச்ச மாத்திரைகளைத் தூக்கி எறியப் போனவளை டாக்டர் தடுத்தார். இத்தனை வருடம் தின்றதைச் சட்டென்று நிறுத்தினால் அதுவும் உயிருக்கு ஆபத்து என்றார். மாதக்கணக்கில் கால் கால் மாத்திரையாகக் குறைத்தோம். உப்பை விட்டோம். மாதம் தவறாமல் பாலக்காட்டுக்கு பஸ் ஏறினோம். இளைப்புக்கு வேறு மருந்து கொடுத்தார்கள்; அவ்வளவாகக் கேட்கவில்லை. முகம் பழையபடி ஒட்டியதும், நோய் முற்றிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

உயிர் தங்கியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் மண்வெட்டி பிடிக்கவில்லை. கடலைக்காட்டைப் பங்காளியிடம் குத்தகைக்கு விட்டோம். வாசலில் இருந்து கிணற்றுமேடு வரை நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். நான் பார்க்காதது போல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தண்ணி வேணுங்களா?" என்றுதான் வாயில் வந்தது.