சிவப்புக் கோட்டுக்குக் கீழே

இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், இராயப்பன் ஃபிட்டராக இருந்தார். ஆனால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யாரும் அவரை ஃபிட்டர் என்று கூப்பிட்டதில்லை. 'பிளேன்காரர்' என்றால்தான் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் மனைவி தெரேசாவே, "பிளேனா, பிளேன்டீயா, எது வேணுங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரிப்பார். சிரிக்க முடிந்த காலம் அது.

எல்லாம் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரையால் வந்த பெயர்தான். ஐம்பத்து மூன்றில் சீமையிலிருந்து வந்து இறங்கிய அந்த வெள்ளைக்காரருக்குத் தேயிலையில் பாதிக் கண், ஆகாயத்தில் மீதிக் கண். ஸ்டோருக்குப் பின்னாலிருந்த பழைய கொட்டகையில் மரச்சட்டமும் துணியுமாக, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு விமானத்தைத் தன் கையாலேயே கட்டத் தொடங்கினார். மேலாளரான பெரியதுரை தலையிலடித்துக்கொண்டார். தோட்டமே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இராயப்பன் மட்டும் போகவில்லை. சட்டங்களை இழைத்தார், துணிக்குப் பசை பூசினார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக்கூட இரண்டொரு தடவை கோட்டைவிட்டார்.

"மொத ஆளா நீதான் ஏறுற, இராயப்பன்" என்று சின்னத்துரை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தை போதும், மனிதர் எதையும் செய்வார். மேலே போய், தன் லயத்துக் கூரையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு இல்லை.

விமானத்துக்கு வாங்கிய எஞ்சின் உலகச் சண்டைக்கு முந்தியது. அதன் எண்ணெய் அழுத்தத்தையும் பெட்ரோல் அழுத்தத்தையும் காட்டும் கேஜ்கள் இரண்டும் செத்துக் கிடந்தன. செய்தவர்களே அந்த ரகத்தைக் கைவிட்டுப் பல வருஷமாகிவிட்டது. கொழும்பில் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் இராயப்பன்தான் ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த டீசல் எஞ்சினின் கேஜ்களைத் துடைத்து எடுத்துவந்தார். திருகு மரை ஒத்துப்போகவில்லை. பித்தளையில் புது மூட்டு கடைந்து, செப்புக் குழாயை வளைத்து, ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் பொருத்தினார். எண்ணெய்க் கேஜின் கண்ணாடி மேல் சின்னத்துரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தார்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நாளும் வந்தது. விமானத்தின் வாலை ஒரு மரத்தோடு இறுக்கிக் கட்டினார்கள். தான் எஞ்சின் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதால், சின்னத்துரை இராயப்பனை இருக்கையில் ஏற்றிவிட்டார்.

"செவப்பு கோடு பாத்துக்கோ. தப்பா இருந்தா கைய தூக்கு."

"சரிங்க தொரை."

எந்தப் பக்கம் போனால் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துரையிடம் திருப்பிக் கேட்டு யாருக்குப் பழக்கம்? இராயப்பன் வேலை பழகியது பாய்லரில். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி மேலே போனால் ஆபத்து, கீழே இருக்கும்வரை நிம்மதி; பாய்லர்காரனுக்கு அதுதான் வேதம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. மலைச்சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தெரேசாவும் அவர்களோடு நின்றாள். இராயப்பன் அவள் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஊசி கொஞ்சம் துடித்துவிட்டு, கோட்டுக்கு வெகு கீழே சாதுவாகப் படுத்திருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரியா?" என்று சின்னத்துரை கத்தினார்.

"சரிங்க தொரை!"

கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் அறைந்துகொண்டன. பிறகு எஞ்சின் அடியோடு இறுகி நின்றுவிட்டது.

சின்னத்துரை அதைப் பிரித்துப் பார்த்தார். எண்ணெய்ப் பம்பில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே எல்லாம் கருகிப்போயிருந்தது.

"எண்ணெய் ஏறவே இல்ல. ஊசி கோட்டுக்கு கீழ கெடந்திருக்கணுமே. என்ன காட்டுச்சு?"

"சரியாத்தாங்க காட்டுச்சு" என்று சொன்ன பிறகுதான் இராயப்பனுக்குத் துரை கேட்டது உறைத்தது. கீழேதான் கிடந்தது என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டை நுனியால் கேஜின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அப்ப கேஜ் பொய் சொல்லிடுச்சு" என்று சின்னத்துரை அதைக் கழற்றி, பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தார்.

இன்னொரு எஞ்சின் வரவேயில்லை. கொட்டகையில் துணி கிழிந்து தொங்கியது. கானிலிருந்து எடுத்துவந்த கேஜை இராயப்பன் ஸ்டோர் எஞ்சினில் மாட்டினார். இம்மியும் பிசகாமல் அது சரியாகவே காட்டியது. ஒவ்வொரு காலையும் அதன் முன்னால் நிற்கும்போது அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. தெரேசா அந்தப் பழைய கேள்வியைக் கேட்காமலே, பால் விடாத பிளேன்டீயை வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டாள்.

ஐம்பத்தேழில் சின்னத்துரை சீமைக்கே திரும்பிப் போகப் புறப்பட்டார். கார்ப் பக்கத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். இராயப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"தொரை, அந்த கேஜ்… அது சரிதாங்க."

சின்னத்துரை அவர் தோளைத் தட்டினார். "ஆமா, சரி, சரி. விடு, இராயப்பன். உன் மேல தப்பு இல்ல."

"இல்லீங்க தொரை…"

அதற்குள் கார் கிளம்பிவிட்டது. இராயப்பன் ரோட்டின் நடுவில் நின்று, அன்றைக்குத் தூக்காத கையைத் தூக்கினார். அதைப் பார்த்துவிட்டு, சின்னத்துரையும் சிரித்தபடி கையை ஆட்டிக்கொண்டே போனார்.