ஏலத்தில் போன வாத்தியார்

ஞானசிங் ஸ்கூல் பைனல் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். அந்த ஊரில் வேறு யாரும் அந்தப் பரீட்சையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதால், தோல்வியே அவருக்கு ஒரு பட்டம்போல ஒட்டிக்கொண்டது. "நம்ம ஊர்ல இங்கிலீசில தோத்த ஒரே ஆளு நானாக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தத் துணிச்சலில்தான் இரணியலுக்குத் தெற்கே, தன் வீட்டு மாட்டுத்தொழுவத்துக்குச் சுண்ணாம்படித்து இங்கிலீஷ் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார்.

மாடு முந்தின வருஷமே செத்துப்போயிருந்தது. தொழுவத்துக்கும் வேறு சோலி இல்லை, அவருக்கும் இல்லை. ஆசாரி சவப்பெட்டி செய்து மிஞ்சிய பலகையில் பெஞ்சு அடித்தாயிற்று. பழைய கதவில் கரி பூசிக் கரும்பலகையும் ஆயிற்று. தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு போய் உட்காருவார். நேரம் தவறாமல் வந்துபோனவை அவர் பெண்டாட்டி நேசம்மாள் வளர்த்த கோழிகள்தாம்.

வீடுவீடாகப் போய்க் கேட்கவும் செய்தார். "மூணு தடவ தோத்தவரு எங்க பயலுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீரு?" என்றார் ஒருவர்.

"எந்தெந்த எடத்துல வழுக்கும்னு எனக்குத்தானே ஓய் தெரியும்?" என்றார் ஞானசிங். பதில் நன்றாகத்தான் இருந்தது. பயல் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பனையேற ஆளு காணல்ல வாத்தியாரே, நீரு வாறீரா?" என்று கேட்டார். ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலையழைப்பு அது. பனையை அண்ணாந்து பார்த்ததற்கே தலை சுற்றியது.

அந்தச் சமயத்தில்தான் நேசம்மாளின் அண்ணன் ஜஸ்டஸ் லீவில் வந்து சேர்ந்தார். பீருமேட்டில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கர். "மாப்பிள, ஸ்தோத்திரப் பண்டிகை வரைக்கும் பாரும். அதுக்குள்ள ஒரு ஆளாவது படிக்க வந்தா உம்ம பாடு. இல்லேன்னா திங்கக்கெழம என்கூட மலை ஏறணும். அங்க ஒத்தை ஆளுக்குத்தான் எடம், நேசம் இங்கயே கெடக்கட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அட்டைக் கடிக்குப் பயம் என்று ஞானசிங் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் நேசம்மாளை விட்டு ஒரு வாரம்கூட அவரால் இருக்க முடியாது. அதை ஒரு ஆம்பிளை வாயால் எப்படிச் சொல்வது?

ஸ்தோத்திரப் பண்டிகையன்று சபையார் அவரவர் முதல் விளைச்சலைக் கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். படைத்தது விலைபோகாமல் கிடக்கக் கூடாது. யாரும் கேட்காவிட்டால் கொண்டுவந்தவரே ஏலம் கேட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் வழக்கம். ஞானசிங்கிடம் வாழை இல்லை, நெல் இல்லை. 'ஒரு மாதம் இங்கிலீஷ் பாடம்' என்று சீட்டில் எழுதி ஓலைப்பெட்டியில் போட்டுப் படைத்துவிட்டார். எப்படியும் நாலு பேர் காதில் விழுமே என்றொரு நப்பாசை.

உபதேசியார் எலிசா ஏலம் விட்டார். வாழைக்குலை போயிற்று, சேவல் போயிற்று, பூசணிக்காய்க்குக்கூட அடிதடியே நடந்தது. அடுத்து பாடம். "அத வீட்டுக்குச் சுமந்துட்டுப் போகக் கூடை வேணுமா, சும்மாடு போதுமா?" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

"கேக்க ஆளில்லையா? ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று உபதேசியார் எண்ணினார்.

ஞானசிங் தூணுக்குப் பின்னால் பதுங்கி, தொண்டையைக் கனைத்து, கட்டைக் குரலில், "நாலு சக்கரம்!" என்றார். ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம் செல்லும் காலம் அது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அஞ்சு!"

நேசம்மாள்! பெண்டாட்டியே ஏலத்தில் எடுத்த வாத்தியார் என்று ஆகிவிட்டால் ஊர் சிரித்தே கொன்றுபோடும். "ஆறு!" என்றார். "ஏழு!" என்றாள். அவர் ஏற்ற, அவள் ஏற்ற, பூசணிக்காயை எப்போதோ தாண்டியாயிற்று. யார் யாரோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது.

கொப்பரை வியாபாரி ஜெபகனிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தப் பண்டிகையிலும் பெரிய விலை இன்னொருவர் வாயால் வந்து அவர் பொறுத்ததில்லை. துள்ளி எழுந்து, "ஒரு ரூவா!" என்று முழங்கினார்.

"மூணு தரம்!" உபதேசியார் முடித்துவிட்டார். அதன்பிறகுதான் ஜெபகனி பக்கத்திலிருந்தவரிடம், "அது என்ன சாதனம் ஓய்?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பேரன் தொட்டிலில் கிடக்கிறான். மகன்களுக்கெல்லாம் மீசை முளைத்தாயிற்று. ஆனால் கோயிலில் கேட்ட ஏலத்தை மாற்றவும் முடியாது. "செரி, நானே வாறேன். கொப்பரை வாங்குற ஆலப்புழைக்காரன் இங்கிலீசுல அடிக்குற தந்தியப் படிச்சுக் கேக்க எவன் காலையெல்லாமோ பிடிக்க வேண்டிக் கெடக்கு" என்றார்.

திங்கட்கிழமை ஜஸ்டஸ் தனியாகவே மலை ஏறினார். அன்று காலை ஜெபகனி தொந்தியும் சிலேட்டுமாக வந்து உட்கார, சவப்பெட்டிப் பலகை முறுக்கென்று முனகியது. கொஞ்ச நாளில், ஜெபகனி தானே தந்தி படிக்கிறார் என்று சந்தையில் பேச்சு பரவியதும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

ஏலம் முடிந்த அந்தச் சாயங்காலமே ஞானசிங் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டார். "ஏட்டி, கையில காசு வச்சுக்கிட்டா கேட்ட?"

"ஒரு சல்லி கெடையாது. உங்ககிட்ட?"

"எனக்கும் இல்ல."

இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஜெபகனி மட்டும் கேக்காம இருந்திருந்தா?"

"கேப்பாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? கேக்கலைன்னாலும் உங்கள மலைக்கு விட்டிருக்க மாட்டேன்" என்றாள் நேசம்மாள். "நீங்க போய்ட்டா, இந்த வீட்டுல நான் யாரப் பாத்துச் சிரிக்க?"