எதுவரைக்கும் என்று சொல்லாத வேண்டுதல்

தலைமுடியை வெட்டினால் தன் அப்பா செத்துப்போவார் என்று என் மகன் நம்பினான். பதின்மூன்று வயதுப் பிள்ளை. கைப்பேசியில் உலகத்தையே புரட்டிப் பார்க்கிறவன். ஆனால் கத்தரிக்கோலைக் கண்டால் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடுவான். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. முடியோ தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த காலத்தில் வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்தது. லோரி ஓட்டுகிறவர், ஊரடங்கிலும் சாமான் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். ஒருநாள் படியேறும்போதே மூச்சு இழுத்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு முகத்தைக்கூடக் காட்டவில்லை. நர்ஸ் போன் பண்ணினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் சமையலறையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இவன் சாமி படத்துக்கு முன்னால் நின்று, 'அப்பாவ வீட்டுக்கு அனுப்பு சாமி, நான் முடியே வெட்ட மாட்டேன்' என்று வேண்டியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

நம் ஆட்கள் அப்படியா வேண்டுவோம்? இந்தக் கோயிலுக்கு வந்து முடியிறக்குகிறேன், அதுவரைக்கும் கத்தி படாமல் வைத்திருக்கிறேன் என்றுதான் வேண்டுவோம். இவன் தைப்பூசக் கூட்டத்தில் தாடியும் முடியுமாகத் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறான். வளர்ப்பதுதான் காணிக்கை என்று நினைத்துவிட்டான். எந்தக் கோயில் என்று சொல்லவில்லை, எதுவரைக்கும் என்றும் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாகத்தான் வந்தார். ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. நடுப்படியில் உட்கார்ந்து இளைப்பாறாமல் அவரால் ஏற முடியவில்லை. ஆனாலும் வந்துவிட்டார் அல்லவா? பிள்ளையின் கணக்கில் சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி அவன் பங்கு.

ஊரடங்கில் யார் முடியை யார் பார்த்தார்கள்? கீழே இருந்த முடிதிருத்தும் கடையில் வேலை செய்தவர்கள் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. கடையின் இரும்புக் கதவு துருப்பிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பாவே சமையல் கத்தரிக்கோலால் வெட்டி, எலி கடித்தது மாதிரி விட்டிருந்தார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். இவன் முடி வளர்ந்ததைச் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். "பொண்ணு பாக்க வந்தா உன்னைத்தான் பாத்துட்டுப் போவாங்க" என்று கிண்டலும் பண்ணினேன். அவன் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிறகு பெற்றோர் குழுவில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. ஆண்பிள்ளைகள் முடி சட்டைக் காலரைத் தொடக்கூடாது, காதைத் தொடக்கூடாது, புருவத்தைத் தொடக்கூடாது. மீறி வந்தால் வாசலிலேயே வெட்டப்படும். அவன் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த முதல் வருடம் அது. பாடமெல்லாம் போனிலேயே நடந்ததால் அங்கே அவனுக்கு ஒரு முகம் தெரியாது, அவனையும் யாருக்கும் தெரியாது. நான் செய்தியைச் சத்தமாகப் படித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் முடிவெட்டும் மெஷினை எடுத்துவிட்டார்.

"வாடா, அப்பா ரெண்டே நிமிசத்துல முடிச்சிடுறேன்."

பிள்ளை குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கதவைத் தட்டினேன், திட்டினேன், ரோத்தான் பிரம்பை எடுத்துக்கொண்டு வருவேன் என்றேன். எங்கள் வீட்டில் ரோத்தானே கிடையாது, அது அவனுக்கும் தெரியும். கடைசியில் உள்ளேயிருந்து அழுதுகொண்டே வேண்டுதலைச் சொன்னான்.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து பிள்ளை கத்தினான்.

"பாத்தியாமா! இன்னும் வெட்டக்கூட இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு!"

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் மாடியில் எல்லாருக்கும் தெரியும். பாசாரில் மீன்காரன் முதல் வீட்டுத் தரகர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அன்றைக்கோ அவரிடமிருந்து வாங்கிய மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வரவில்லை. நான் அவ்வளவு பக்தி உள்ளவள் இல்லை. ஆனால் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் 'பார்க்கலாம்' என் காதை விட்டுப் போகவே இல்லை. இன்றைக்கு வெட்டி, அடுத்த மாதம் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் வெட்டினேன், அப்பா போய்விட்டார் என்று அந்தப் பிள்ளை சாகும்வரை நினைக்க மாட்டானா? நானுந்தான் நினைக்க மாட்டேனா? மெஷினைத் திரும்ப டப்பாவில் போட்டு அலமாரிக்குள் வைத்தேன்.

பாடப் புத்தகம் வாங்கக் கூப்பிட்டிருந்த நாளில் கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்க்கப் போனேன். பிள்ளை கூடவே வந்தான், முடியைத் தொப்பிக்குள் சுருட்டித் திணித்துக்கொண்டு. வேண்டுதலை வெளியாளிடம் சொன்னால் பலிக்காது என்று, சொல்லக்கூடாதென்று வழியெல்லாம் என்னிடம் சத்தியம் வாங்கினான். இந்தச் சட்டத்தை எந்த சாமி போட்டதோ தெரியவில்லை, அவனாகப் போட்டுக்கொண்டதுதான்.

ஆசிரியர் மலாய்க்காரர். பெரிய உடம்பு, மெல்லிய குரல், சட்டைப்பையில் பேனாவோடு சேர்த்து ஒரு கத்தரிக்கோல். கொஞ்ச நாள் தவணை கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், கடை திறக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று உளறினேன். அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டி, இது என் மனைவி வெட்டியதுதான் புவான், கோணலாகத்தான் இருக்கிறது, நானும் இப்படித்தான் வேலைக்கு வருகிறேன் என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை வாசலில் நிற்பேன், நீங்கள் வெட்டாவிட்டால் நான் வெட்டுவேன் என்றார். அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

வெளியே வரும்போது புத்தக வரிசையில் மொட்டைத் தலையோடு இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். இரண்டும் நம் பிள்ளைகள். அந்த வருடம் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவை இருக்கவில்லை. மொட்டை போட்ட பிள்ளையைப் பார்த்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடும். என் மகன் என் மணிக்கட்டைப் பிடித்தான். நகம் பதியும்படி பிடித்தான்.

"மா, அவங்க அப்பா..."

"பேசாம வா" என்றேன்.

வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கு அதுதான் கோயில்.

"பூசாரிகிட்ட போய் கேட்டுப் பாப்போம்லா. வேண்டுதல் இருந்தா அதை முடிக்கிற வழியும் இருக்கும். மொட்டை போட்டுட்டா சாமிக்கும் சரி, பள்ளிக்கூடத்துக்கும் சரி."

"மொட்டையா?" பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மாட்டேன். மொட்டை போட்டுட்டுப் போனா, எனக்கு அப்பா இல்லன்னு நெனைப்பாங்க."

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாங்க. நான்தான் இருக்கேன்ல?"

"அப்படிச் சொல்லாதப்பா" என்றான். எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது.

சனிக்கிழமை எங்கள் பழைய வேனில் கிளம்பினோம். நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சண்டை போட்டேன். "ஒக்காந்துக்கிட்டுதானே ஓட்டுறேன், ஓடிக்கிட்டா ஓட்டுறேன்?" என்றார். கம்பார், தாப்பா, பீடோர் என்று பழைய சாலையிலேயே போனோம். பிள்ளை பின்னால் உட்கார்ந்து கண்ணாடியில் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மேடு வந்து இவர் மூச்சை இழுத்து விட்டால், அவனும் நெளிவான்.

பூசாரி அதே தோட்டத்தில் செம்பனைப் பழம் ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். பூட்சைக் கழற்றிக் காலைக் கழுவிவிட்டு, துண்டை மாற்றிக்கொண்டு வந்தார். பிள்ளை சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

"எதுவரைக்கும்னு ஆத்தாகிட்ட சொன்னியா தம்பி?"

"சொல்லல."

"அதான் சுசா, கஷ்டமாப் போச்சு. நீயும் சொல்லல, அவளுக்கும் தெரியல. சரி, கேட்டுருவோம்."

பூக்கட்டிப் பார்ப்பது என்றார். வெள்ளைப் பூ வந்தால் முடியை எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மன் சொல்வதாக அர்த்தம். சிவப்பு வந்தால் வளர்க்க வேண்டியதுதான். கோயிலுக்குப் பின்னால் போய் வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அம்மன் காலடியில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு.

சிவப்பு வந்தால் என்ன செய்வேன்? திங்கட்கிழமை அந்தக் கத்தரிக்கோலுக்கு முன்னால் எப்படி நிற்பேன்? பள்ளியே வேண்டாம் என்று வீட்டில் வைத்துக்கொள்வதா? வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று வேண்டினேன். உடனே பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வெள்ளை கேட்கிறாயே, புருசன் உயிர் உனக்கு அவ்வளவுதானா என்று அவள் கேட்டுவிட்டால்? ஐயோ, நீயே பார்த்துக்கொள் தாயே என்று மாற்றி வேண்டினேன்.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். கை ஒரு பொட்டலத்துக்குப் போய், திரும்பி, மற்றதை எடுத்தது. பூசாரி வாங்கிப் பிரித்தார். வெள்ளை அரளி.

"கேட்டுட்டா தம்பி. எடுத்துக்கிறேங்குறா" என்றவர், மீதிப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே இடுப்பில் செருகிக்கொண்டார்.

வழக்கமாக இரண்டையும் பிரித்துக் காட்டுவார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒன்பது கேள்வி கேட்கிற வாய் எனக்கு. அன்றைக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. இன்றுவரை அந்தப் பொட்டலத்துக்குள் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பூசாரியே சவரக்கத்தியை எடுத்தார். கீழே விரித்த துணியில் முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பிள்ளை ஒருதரம்கூடக் கீழே பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தைத் திருப்பச் சொன்னால் கழுத்து திரும்பும், கண் திரும்பாது. சந்தனம் பூசி முடித்ததும் ஐந்து வயதுப் பிள்ளையாகிவிட்டான். எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் அசந்து தூங்கியபோது, பக்கத்தில் குந்தி மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். "எந்திரி அங்கிருந்து, அவரத் தூங்க விடு" என்று விரட்டினேன். அவன் குளிக்கப் போன பிறகு நானும் போய் விரலை வைத்துப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் இவரே வேனை எடுத்தார். பள்ளிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார்.

"நீ எறங்காதப்பா, மூச்சு வாங்கும்" என்று பிள்ளை சொல்லிவிட்டு இறங்கினான். நான் கூட நடந்தேன்.

வாசலில் உடம்புச்சூடு பார்க்கிற வரிசை நீண்டிருந்தது. வரிசையின் முனையில் அவர் நின்றிருந்தார், கையில் கத்தரிக்கோல். எங்களுக்கு முன்னால் நின்ற பையனின் பின்கழுத்து முடியைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி அனுப்பினார். எங்கள் முறை வந்தது. பிள்ளை தொப்பியைக் கழற்றினான்.

அவர் முகம் மாறிப்போனது. கத்தரிக்கோல் சட்டைப்பைக்குள் போனது. அத்தனை வருடம் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவருக்கு நம் வழக்கம் தெரியாதா என்ன? வலது கையை நெஞ்சில் வைத்து, குரலை இறக்கி, மலாய்க்காரர்கள் துக்க வீட்டில் சொல்லும் வார்த்தையைச் சொன்னார்.

"தக்ஸியா, புவான்." பிறகு, எப்போது நடந்தது என்று கேட்டார்.

பிள்ளைக்கு அந்த வார்த்தை தெரியும். ஊரடங்கில் கைப்பேசியில் தினமும் பார்த்த வார்த்தை. முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குத் தெரிந்ததை அவனிடம் மறைத்துவிட்டேன் என்பதுபோல் என்னைப் பார்த்தான். சட்டென்று சாலைப் பக்கம் திரும்பினான். காலை வெயில் வேன் கண்ணாடியில் பட்டுப் பளபளத்தது. உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

"ப்பா!" என்று கத்தினான். மறுபடியும், "ப்பா!"

எனக்கு மலாய் மறந்துபோனது. "இருக்காருங்க! அதோ வேன்ல இருக்காரு! உயிரோட இருக்காரு!" என்று தமிழிலேயே கத்தினேன். ஆசிரியர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

வேனில் இருந்த இவருக்குப் பதில் குரல் கொடுக்க மூச்சு கிடையாது. இறங்கி ஓடி வரவும் முடியாது. ஹாரனை அழுத்தினார். லோரிக்காரர் அழுத்துகிற மாதிரி, விடாமல் அழுத்தினார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. பள்ளிக் காவல்கார ஜாகா கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். நான் வேனைக் காட்டினேன், பிள்ளையைக் காட்டினேன், அப்பா என்றேன், உயிரோடு என்பதற்கு மலாயில் ஹிடுப், ஹிடுப் என்றேன். ஆசிரியருக்குப் புரிந்தது. வேனைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். பிள்ளை முழங்கையால் கண்ணைத் துடைத்தான். முகக்கவசம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்தான். நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான், இன்னும் நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான். ஹாரன் ஓயவில்லை.

நான் சாலையைக் கடந்து வேனில் ஏறினேன்.

"போதும்ங்க, ஊரே பாக்குது" என்றேன்.

"பாக்கட்டும்லா" என்றார், கையை எடுக்காமல்.