ஒரு தடவை சுட்டால் ஒரு ஜோடி தண்டவாளம்

உரசித் தேய்கிற எதையாவது நம்பிப் பிழைப்பவர்களே, வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழுவோம். என் தொழில் மின்காந்த ஏவி: இரண்டு செம்புத் தண்டவாளங்கள், நடுவே ஓர் அலுமினியத் துண்டு. மின்சாரம் பாய்ந்தால் துண்டு இரண்டையும் உரசியபடி சீறிப் பாயும். பாய்வதில் குறையே இல்லை. தண்டவாளம்தான் ஒரே தடவையில் பொசுங்கிப்போகும். அது பொசுங்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சுரண்டும் வேலை

எங்கள் சோதனைக் கூடம் புக்கிட் பெலண்டோக் பக்கம், ஒரு தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோர். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அலுமினியம் உருகிச் செம்பில் அப்பிக்கொள்ளும். நான் உட்கார்ந்து சுரண்டுவேன். ஒருநாள் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் எட்டிப் பார்த்தார். மனுஷருக்கு எங்கள் மேல் அலாதிப் பிரியம்.

"என்னா தம்பி, தோசக் கல்ல சொரண்டுற மாதிரி சொரண்டுற? கொஞ்சம் எண்ணெய் தடவி சுட்டிருக்கலாம்லா!"

முதலாளி வந்தார்

எங்களுக்குப் பணம் போடும் முதலாளிக்கு அம்பாங்கானில் கடைசல் பட்டறை. பாழான தண்டவாளங்களைக் குவித்து வைத்திருந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னோடு வேலை செய்யும் இன்ஜினியர் கவிதா உலோகக் கலவை, உராய்வு, சூடு என்று விளக்கினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடத்தையே மூடிவிடுவாரோ என்று பயந்தேன். இந்த வயதில் என்னை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"ஆயுத பூசைக்கு மறுநாள் வர்றேன். என் கண்ணு முன்னால சுடுங்க. தண்டவாளம் கெட்டுச்சுன்னா இழுத்து மூடிடலாம்."

மொழுமொழு

குரோமியம் கலந்த செம்புக்கு மாறினோம். அலுமினியத் துண்டு இன்னும் இறுக்கமாகப் பொருந்தும்படி கடைந்தோம். சுட்டோம். பயந்துகொண்டே திறந்தால், லேசான சாம்பல் பூச்சைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கவிதா துள்ளிக் குதித்தாள்.

"அண்ணே, தொட்டுப் பாருங்க, கன்னம் மாதிரி மொழுமொழுன்னு இருக்கு!"

பூசை

ஆயுத பூசையன்று தண்டவாளங்களைப் பளபளவென்று துடைத்து, மேல் மூடியைப் போடாமல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். மறுநாள் காலை மூடி போட்டிருந்தது. கவிதா மூடியிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் மூடியதாக அவள் நினைத்தாள். போல்ட்டுகளை முடுக்கி, முதலாளி முன்னால் சுட்டோம். நீலத் தீ வெளியே பீறிட்டது. திறந்தால், செம்பு நெடுகக் குழி குழியாக வெந்திருந்தது.

முதலாளி காரில் ஏறினார். அதோடு எங்கள் கூடம் மூடப்பட்டது. முந்தின நாள் தோட்டத்து டிராக்டர், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் பூசை போட்ட மண்டோர் வாசலில் கண் கலங்கி நின்றார்.

"மெசினு முகத்துலதான் தம்பி, அந்தப் பளபளன்னு இருந்த செம்புல, சந்தனம் கொழச்சு வரிசையா பொட்டு வச்சு, தூசி படாம மூடி வச்சேன். சாமி ஏன்லா இப்படிப் பண்ணுச்சு?"

எத்தனையோ உலோகங்களை உரசிப் பார்த்துவிட்டோம், நண்பர்களே; நல்ல மனசைத் தாங்குகிற உலோகம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.