‘நல்லா இருக்கேன்’னு ஒரு கட்டம்

ஊர் அடங்கினால்தான் சர்வர் அசையும் என்பதால், எங்கள் தொழிலில் ஆந்தைதான் பார்ட்னர்.

முதலியார்பேட்டையில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர். பொழுது சாயத் திறப்பேன், பால் வண்டி வரும்போது சாத்துவேன். எப்படியும் ராத்திரியோ பகலோ தூக்கம் வராத ஆள் நான். அதை வீணாக்குவானேன்? ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொடுத்தது கம்ப்யூட்டரேதான், சிவப்பு எழுத்தில் திட்டித் திட்டி. ராணுவத்தில் உயிரையோ உடம்பில் ஒரு பாகத்தையோ விட்டவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. ஓர் அம்மாவுக்கு அதற்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன், கிடைத்துவிட்டது. இப்போது எல்லோரும் என் கடைக்கே வருகிறார்கள். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான், கேளுங்கள்.

இரண்டே கட்டம்

கரீம் பாய் சாரம் பகுதியிலிருந்து மகள் ஷாஹிதாவோடு முருகன் ஆட்டோவில் வந்து இறங்கினார். பாயும் முருகனும் ஒரே தெரு. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் முருகன் பந்து போடுவான், பாய் மட்டை பிடிப்பார். ஓடுவதற்கு மட்டும் மூட்டுவலி என்று சொல்லி வேறு ஆள் வைத்துக்கொள்வார். ஷாஹிதாவுக்குச் செயற்கைக் கை கால் செய்யும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகை வந்தால் கல்லூரி. வராவிட்டால் மாமாவின் ஜவுளிக்கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான்.

முருகன் டீ குடிக்கப் போனபிறகுதான் பாய் குரலைத் தாழ்த்தினார். எல்லையில் கண்ணிவெடி. இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. பேன்ட்டுக்குள் இருப்பது செயற்கைக் கால். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. விண்ணப்பத்தில் இரண்டே கட்டம்: இறந்தவர், ஊனமுற்றவர். எதில் டிக் போட என்று கேட்டேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை மேலும் கீழும் பார்த்தார்.

“மூணாவதா ‘நல்லா இருக்கேன்’னு ஒரு கட்டம் இல்லையா தம்பி?”

தாத்தாவின் குண்டு

பாய் மறுபடி வந்தபோது ரெட்டியார்பாளையத்து அந்துவான் அண்ணன் கடையில் இருந்தார். அவருடைய தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துச் சிப்பாய். இந்தோசீனாவில் குண்டடி பட்டவர். தாத்தாவின் படத்தைச் சட்டமும் கண்ணாடியுமாகச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டே வந்துவிட்டார், தன் மகனுக்கு உதவித்தொகை கேட்டு. “அண்ணே, இது இந்திய ராணுவத்துக்குத்தான்” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய் படத்தைப் பார்த்தார், விறைப்பாக எழுந்தார், ஒரு சல்யூட் வைத்தார். என் வாதம் அதோடு செத்தது.

“பாத்தியா, அவருக்குத் தெரியுது! குண்டு இன்னா, நீ எந்த நாட்டு சொல்தான்னு கேட்டுட்டா வந்துச்சி?”

ஸ்டுடியோ படம்

ஊனம் தெரியும்படி முழு உருவப் படம் வேண்டும் என்பது விதி. பாய் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துவந்தார். கோட்டு, நெஞ்சில் மெடல், கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு, இரண்டு ஷூவும் பளபளவென்று. பட்டாளத்து ஆட்களுக்குக் கேமராவும் மேலதிகாரியும் ஒன்றுதான். எதிரே வந்தால் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். “இதுல கால் போனது எங்க பாய் தெரியுது?” என்றேன். இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அனுப்பினோம். ஊனம் தெரியவில்லை, வேறு படம் அனுப்பவும், நாளை கடைசி நாள் என்று திரும்பி வந்தது. ஷாஹிதா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பாய் முகத்திலோ அப்படி ஒரு பூரிப்பு.

“பாத்தியா? ஆபீசராலயே கண்டுபிடிக்க முடியல!”

பஸ் நின்ற கதை

கடையைச் சீக்கிரமே திறப்பதாகச் சொல்லி, மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே வரச்சொன்னேன். என் கடையோ தீப்பெட்டி. பாய் உச்சி முதல் பாதம் வரை படத்தில் விழ வேண்டுமென்றால் அவர் வாசலில் நிற்க வேண்டும், நான் சாலையைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டும். வாசலில் முருகன், கடைக்குள் கூட்டம், கூட்டத்தில் அந்துவான் அண்ணன். இத்தனை பேர் முன்னால் பேன்ட்டை மடிக்க முடியாது என்று பாய் கிளம்பிவிட்டார். ஷாஹிதா அழவில்லை, கெஞ்சவில்லை. “அத்தா, நான் படிக்கப் போறதே இந்தக் காலைப் பத்திதான். சாம்பிளையே ஒளிச்சு வெச்சா நான் எதைப் பாத்துப் படிக்கிறது?” என்றாள்.

பாய் முறைத்தார். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாக உடைந்தது. படியில் உட்கார்ந்தார், பேன்ட்டை மடித்தார், காலைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். மற்ற ஷூவைவிட அந்த ஷூதான் அதிகமாக மின்னியது. பிறகு எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் எழுந்து அட்டென்ஷனில் நின்றார். அந்துவான் அண்ணன் நடுரோட்டில் இறங்கி, “நில்லுய்யா, சொல்தா போட்டோ எடுக்கறாரு!” என்று பஸ்ஸையே நிறுத்திவிட்டார். படம் எடுத்து முடித்ததும் பஸ்ஸுக்குள் கைதட்டல். முருகன் மட்டும் தட்டவில்லை. ஷாஹிதா கையிலிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் வந்துவிடுமோ என்றுதான் அவருக்குப் பயம்.

“இன்னா பாய், போன வாரம் எல்பிடபிள்யூ இல்லவே இல்லன்னு சாதிச்சீங்களே, அது இந்தக் கால்லயா பட்டுது? எந்தக் கால்ல பட்டாலும் அவுட்டு அவுட்டுதான்!”

விடியற்காலை

சில வாரம் கழித்து, நான் ஷட்டரை இறக்கும் நேரத்தில் பாய் தொழுகை முடித்து நேராக வந்தார், கூடவே ஷாஹிதா. உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று செல்போனைக் காட்டினார்கள். “மொத வருஷம் முடியட்டும் அத்தா, உங்களுக்கு நானே ஒரு கால் செஞ்சு தரேன். அப்புறம் ரன் எடுக்க ஆளே வெக்கக் கூடாது, நீங்களே ஓடணும்” என்றாள் ஷாஹிதா. பாய் இடது ஷூவைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

“அப்ப முருகன் செத்தான்.”

மற்றவர்கள் இழந்ததை ராத்திரியெல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்புவதுதான் என் பிழைப்பு என்றாலும், அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டித் தூங்கிவிட்டேன்.