பித்தளைப் பானையில் ஒட்டாத முருகன்

போன ஆடிக் கிருத்திகையன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது. கிருத்திகை என்றால் எனக்கு விரதம். பகலெல்லாம் வெறும் தண்ணியோடு இருந்து, பொழுது சாய்ந்ததும் சர்க்கரைப் பொங்கல் வைத்து முருகனுக்குப் படைத்த பிறகுதான் நான் வாயில் போடுவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு மாதமும் விட்டதில்லை. சிலிண்டர் மறுநாள்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்கலாமென்றால், அங்கே மீன் கொதிக்கிற வாசம் எங்கள் வாசல்வரை வந்தது.

மருமகள்தான் பரணிலிருந்து கரண்ட் அடுப்பை இறக்கினாள். அவளுக்குச் சீராக வந்த இண்டக்‌ஷன் அடுப்பு, பெட்டி பிரிக்காமலே கிடந்தது. நெருப்பில்லாமல் வேகவைத்ததைச் சாமிக்கு எப்படிப் படைக்கிறது என்று கேட்டேன்.

"விளக்கும் சூடமும் நெருப்புதானுங்களே அத்தை. முருகனுக்கு அது பத்தாதுங்களா?" என்றாள். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண். மரியாதையாகப் பேசியே ஆளை மடக்கிவிடுவாள்.

சாமிக்கென்றே வைத்திருக்கும் பித்தளைப் பானையைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்தேன். அவள் பட்டனை அழுத்தினாள். அடுப்பு கீக்கீ என்று கத்திவிட்டு நின்றுபோனது. எடுத்து மறுபடி வைத்தாலும் அதே கத்தல்தான்.

காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இதில் சூடாகும் என்று சொல்லி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் படத்தை எடுத்து வந்தாள். பழனி அடிவாரத்தில் வாங்கிய தண்டாயுதபாணி படம் அது. பித்தளைப் பானையில் வைத்தாள். ஒட்டவில்லை. முருகன் வழுக்கிக்கொண்டு அவள் கையிலேயே விழுந்தார். விரதத்தில் என்ன குறை வைத்தேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுக்கிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எதிலும் நிற்கவில்லை. கடைசியில் அடி கனத்த ஒரு பாத்திரத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டார். குலுக்கினாலும் விழவில்லை.

"ஏத்தா, இது கறிக்குழம்பு வைக்கிற சட்டி."

"அவரே ஒட்டிக்கிட்டாருங்க அத்தை. நான் என்னங்க பண்ணட்டும்?"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வேடர் வீட்டுல பொண்ணு எடுத்தவருக்குக் கறிச்சட்டி புதுசா?"

வள்ளியை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே மனசும் இறங்கிவிட்டது. முருகா, நீயே காட்டின சட்டி என்று சொல்லிப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். தேய்க்கத் தேய்க்க மருமகள் விவரம் சொன்னாள். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்குப் பிடிபட்டது இம்புட்டுதான். கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று படுத்திருக்கிறது. அதில் ஓடுகிற கரண்ட், கண் இமைக்கிறதுக்குள் ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிறதாம். அதனால் உண்டாகிற காந்த சக்தியும் அப்படியே மாறி மாறிச் சட்டியின் அடியிலிருக்கிற இரும்பில் புகுந்து, அதற்குள்ளேயே கரண்டைச் சுழல விடுகிறது. இரும்பு அதை லேசில் ஓடவிடாது. அந்த மல்லுக்கட்டில்தான் சூடு பிறக்கிறது. பித்தளையில் அது தங்கு தடையில்லாமல் ஓடிவிடுவதால் சூடு ஏறுவதில்லை, அடுப்பும் வேண்டாமென்று கத்திவிடுகிறது. அப்படியானால் சுடுவது அடுப்பில்லை, சட்டிதான். முருகனுக்கு என் பானை மேல் கோபமில்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

செத்த நேரத்தில் தண்ணி தளதளவென்று கொதித்தது. அரிசியும் பருப்பும் குழைந்ததும் வெல்லமும் நெய்யும் சேர்த்தேன். இறக்கின பிறகு அடுப்புக் கண்ணாடியைத் தொட்டேன். சட்டி உட்கார்ந்திருந்த இடம் மட்டும்தான் சுட்டது, அதற்கு வெளியே விரல் வைக்க முடிந்தது. விளக்கேற்றிப் படைத்து, சூடம் காட்டிக் கும்பிட்டபோது கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

சாமி கும்பிட்டு முடித்து எல்லோருக்கும் வைக்கையில்தான் பார்த்தேன், சட்டிக்குள் பொங்கல் வளையல் மாதிரி வட்டமாக அடிப்பிடித்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கம்பிச் சுருள் கீழே வட்டமாக இருக்குதுங்க, அந்த அச்சுதான் இது என்று மருமகள் விரலால் சுற்றிக் காட்டினாள். அதற்குள் என் வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து பாதி வட்டத்தைச் சுரண்டிவிட்டார்.

"எனக்கும் செத்த வைங்க. விரதம் இருந்தது நானு," என்று தட்டை நீட்டினேன்.